வந்தவளை நடுவில் வைத்தேன்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கஸ்டர்டின் தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் கொட்டிக் கிடந்தது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகு, அந்த அறையில் மிளகுத்தூளுக்கு என்ன வேலை என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபோது மிளகுத்தூளில் ஒன்று நடந்து போனது.

கஸ்டர்ட் என்பது ஒரு பாம்பு. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், மூன்று அறை வீட்டில், நானும் இவரும் எங்கள் ஒரே மகள் ஆரபியும் நான்கு பாம்புகளும் இருக்கிறோம். பாம்புகள் ஆரபியினுடையவை. கஸ்டர்ட், டோஸ்ட், பீன்ஸ் என்று மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். காலைச் சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது என்று இவர் சொல்வார். நாலாவது அண்மையில் வந்தது. அதற்கு இன்னும் பெயர் இல்லை. நான் அதை ‘வந்தவள்’ என்று கூப்பிட்டேன்.

இவை விஷம் இல்லாத பாம்புகள். கஸ்டர்ட் மஞ்சள் நிறத்தில், என் கையைவிடக் கொஞ்சம் நீளமாக இருப்பான். ஆரபி பதினாறு வயதில், சனிக்கிழமை வேலையில் கிடைத்த முதல் காசில் அவனை வாங்கி வந்தாள். அந்த வருடம் அவள் எங்களோடு கதைப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். கதவுக்குப் பின்னால் கஸ்டர்டோடு மட்டும் கதைப்பாள். நான் வெளியே நின்று கேட்பேன். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் மெதுவாக. பாம்புக்குக் காது இல்லை என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். எனக்கு அன்று வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. காது இருக்கிற தாய் வெளியே நிற்கிறேன்.

2

ஆரபி ரயில்பாதை சிக்னல் வேலை படிக்கிறாள். போன மாதத் தொடக்கத்தில் ஐந்து வாரப் பயிற்சிக்கு கிளாஸ்கோவுக்குப் போனாள். பாம்புகளை என்னிடம் விட்டுத்தான் போனாள். வேறு யாரிடம் விடுவாள்? இவர் அந்த அறையின் வாசற்படியைத் தாண்டியதே இல்லை. “நான் வெளியிலை நிண்டு காவல்” என்பார்.

போவதற்கு முதல் நாள் என்னை அறைக்குள் நிறுத்தி எல்லாம் விளங்கப்படுத்தினாள். சூடு எத்தனை பாகை, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, உறைபெட்டியில் எலி எந்தத் தட்டில். பாம்புப் பெட்டிகள் வைத்த தட்டுக்கு மேலே வெள்ளையாக, முட்டை அளவில் ஒரு சாமான் இருந்தது. அதைத் தொட்டும் ஏதோ சொன்னாள். அவள் இங்கிலீஷில் வேகமாகக் கதைத்தால் எனக்குப் பாதி விளங்கும், மீதிக்கு நான் “ஓம், ஓம்” என்று சொல்வேன். இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் இப்படித்தான் சீவிக்கிறேன். டொக்டரிடமும் வங்கியிலும் இதே “ஓம், ஓம்”தான். சூடு பார்க்கிற கருவி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒன்றை மட்டும் தமிழில் சொன்னாள்.

“அம்மா, புதுசைத் தொடக் கூடாது. அது சின்ன ரூமிலதான் இருக்கும். ஆறு கிழமை. மற்றதுகளோட சேர்க்கக் கூடாது. விளங்குதா?”

“விளங்குது பிள்ளை.”

விளங்கவும் செய்தது. ஆறு வாரம் தனிமை. நான் ஆஸ்பத்திரியில் வார்டு துப்புரவு செய்கிறவள். தொற்று நோயாளியின் அறைக்கு மஞ்சள் வாளி, மஞ்சள் துடைப்பம். அதை இன்னோர் அறைக்குக் கொண்டுபோனால் மேற்பார்வையாளர் தலையைத் தின்பாள். தனிமைப்படுத்துவது என்றால் என்னவென்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. எலிச் சாப்பாடு வெள்ளிக்கிழமை என்று குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கடதாசியில் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. மரக்கறி நாளில் குசினியில் உறைந்த எலியை இளக்க வெந்நீரில் போட என்னால் ஏலாது. ஆகவே பாம்புகளும் வெள்ளி விரதம் பிடித்தன. சனிக்கிழமை சாப்பிட்டன. ஒன்றும் முறைப்பாடு செய்யவில்லை.

3

இரண்டாவது வாரம்தான் அந்த வேலையைச் செய்தேன்.

சின்ன அறை என்பது எங்கள் பெட்டி சாமான் போடுகிற இடம். யன்னலுக்குக் கீழே ஈரம். வந்தவளின் பெட்டிக்கு அடியில் சூட்டு விரிப்பு இருந்தாலும் அறை குளிர்ந்துதான் கிடந்தது. வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். ஒரு மூலையில் சுருண்டபடியே கிடக்கும். முதல் இருந்த வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று கொடுத்துவிட்ட பாம்பு. வால்தம்ஸ்டோவிலிருந்து காருக்குள் குலுங்கிக் குலுங்கி வந்தது. வந்த மறுநாளே கொண்டுவந்தவளும் போய்விட்டாள்.

நான் லண்டனுக்கு வந்து முதலில் இருந்த வீடும் மிச்சத்தில்தான். இரண்டு அறையில் பதினொரு பேர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவரை நடுவில்தான் படுக்க வைப்பார்கள். சுவர் ஓரம் குளிரும், கதவு ஓரம் கால் மிதிபடும். அதைவிட, வந்தவர்கள் தனியே கிடந்தால் யோசிப்பார்கள், யோசித்தால் அழுவார்கள். முதல் வாரம் அவர்களைக் கடைக்குக்கூடத் தனியே விடுவதில்லை. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் வந்ததும் நாங்களும் அப்படியே செய்தோம்.

புதன்கிழமை நான் வந்தவளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஆரபியின் பெரிய அறையில், கஸ்டர்டின் பெட்டிக்கும் டோஸ்டின் பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். ஆரபி வருவதற்கு முதல் நாள் திரும்பச் சின்ன அறையில் வைத்துவிடலாம் என்பது என் திட்டம். பெட்டிகள் வேறுவேறுதானே, ஒன்றை ஒன்று தொடவில்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வார்டில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் நானே ஏசியிருப்பேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணியோடு போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். இருந்தவள் சும்மா இருக்கவில்லை, கதைத்தேன். காது இல்லாததோடு கதைப்பதற்காக மகளில் எரிச்சல்பட்டவள் நான். எனக்கே வெட்கம்தான். என்றாலும் சொல்கிறேன், அது ஒரு சுகம். எதிரில் இருப்பது தலையாட்டாது, பாவம் பார்க்காது, பிறகு இன்னொருவருக்குச் சொல்லாது.

ஒரு மனிதருக்கும் சொல்லாத ஒன்றை அதற்குச் சொன்னேன். இவ்வளவு எழுதியாயிற்று, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வருவதற்கு முன்னர், காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்களை வேறொரு நாட்டில் ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்தான். ஓர் அறையில் பதினான்கு பேர். குளிக்கத் தண்ணீர் இல்லை. எல்லாருக்கும் சொறி வந்தது. லண்டனில் இறங்கியபோது என் விரல் இடுக்கெல்லாம் புண். விசாரணைக்கு இருத்தியிருந்த இடத்தில் ஒரு நேர்ஸ் டோர்ச் அடித்து விரல்களைப் பார்த்தாள். தோலுக்குள் சின்னப் பூச்சி இருக்கிறது, மற்றவர்களுக்கும் பரவும் என்று மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் சொன்னார். என் உடுப்புகளைப் பையில் போட்டுக் கட்டினார்கள். தனி அறை. கதவில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையால் காட்டினார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது, ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். ஒருவரும் கிட்ட வரப் பயப்படுகிற பொருளாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

பின்னர் கலியாணம் கட்டிய இவருக்கும், “வந்த உடனை நாலு நாள் உள்ளுக்கை வைச்சிருந்தவை” என்று மட்டும்தான் சொன்னேன். பூச்சிக் கதையைச் சொல்லவில்லை.

வந்தவளுக்கு முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வரை சொன்னேன். மூன்றாம் நாள் நான் கதவில் தலையை மோதி அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பருப்பு ஞாபகம் வந்தது. பாதியில் எழும்பி ஓடினேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கதையும் அதோடு நின்றது.

4

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் மிளகுத்தூள்.

ஆரபிக்கு வீடியோவில் அழைத்துக் கிண்ணத்தைக் காட்டினேன். கஸ்டர்ட் அதற்குள் முழுதாக இறங்கி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தான். அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

“மைட்ஸ்,” என்றாள். “பாம்புப் பேன் மாதிரி, அம்மா. இரத்தம் குடிக்கும். கடிக்குத்தான் அவன் தண்ணிக்குள்ள கிடக்கிறான்.”

“எங்காலை வந்தது?”

கேட்டவள் நான். கேட்கும்போதே எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கேட்டேன்.

“புதுப் பாம்பிலதான் வந்திருக்கும்,” என்றாள். “குடுத்த ஆள் க்ளீன் எண்டு சொன்னவர்.”

அவ்வளவுதான். சின்ன அறையிலிருந்த பாம்பின் பேன் பெரிய அறைக்கு எப்படி நடந்தது என்று அவள் கேட்கவே இல்லை. சிக்னல் படிக்கிற பிள்ளை, எந்த ரயில் எந்தப் பாதையால் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. ஏன் கேட்கவில்லை? எனக்கு விளங்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதபடியால் சொல்லவில்லை. வந்தவளின் பெட்டியைத் தூக்கி அன்றே சின்ன அறையில் வைத்தேன். களவெடுத்த சாமானைத் திரும்ப வைப்பதுபோல் சத்தமில்லாமல்தான் வைத்தேன்.

அதன் பிறகு நடந்தவை ஒரே குழப்பம். முதலில் உள்ளூராட்சிக் கவுன்சிலின் பூச்சிப் பிரிவுக்குப் போன் எடுத்தேன். எலி என்றால் ஒன்றை அழுத்து, மூட்டைப்பூச்சி என்றால் இரண்டை அழுத்து, குளவி என்றால் மூன்றை அழுத்து. எதை அழுத்துவது? இரண்டை அழுத்தினேன். கட்டிலிலா, கதிரையிலா என்று ஒரு பெண் கேட்டாள். பாம்பில் என்றேன். எங்கே என்று திரும்பக் கேட்டாள். பிறகு வீட்டு விலாசத்தைக் கேட்டாள். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை கூடாது என்று எழுதியிருக்கிறது. பாம்பைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதாதபடியால் அனுமதியா, தடையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

“இப்ப பாம்பையும் எங்களையும் சேர்த்து வெளியாலை விடப் போறாங்கள்,” என்றார் இவர், வாசற்படியில் நின்றபடி.

“நீங்கள் சும்மா இருங்கோ. அந்தக் கறுப்புப் பையையாவது எட்டித் தாங்கோ.”

பெட்டிகளில் இருந்த மரப்பட்டை, கட்டை எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி எறிந்தேன். கொதிதண்ணீரில் கழுவினேன். அடியில் வெள்ளைக் கடதாசித் துவாய் விரித்தேன். வெள்ளையில் பூச்சி தெரியும் என்று ஆரபி சொன்னாள். தெரிந்தது. எண்ணக்கூடிய மாதிரித் தெரிந்தது. என் கழுத்தும் முழங்கையும் அரித்துக் கடிக்கத் தொடங்கின. இது மனிதரில் குடியிருக்காது என்று அவள் சொல்லியும் எனக்கு விரல் இடுக்குத்தான் கடித்தது. வேறெங்கும் இல்லாத மாதிரி அங்கேதான் கடித்தது.

5

சனிக்கிழமை கஸ்டர்ட் எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் எடுத்தால் நனைந்த துணி மாதிரித் தொங்கினான். ஏழு வருடம் என் மகளின் கதையெல்லாம் கேட்டவன். அவன் செத்துப்போனால், கொன்றது யார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் ஒருநாள் தெரியவரும். பதினாறு வயதில் மூடிய அந்தக் கதவை அவள் திரும்ப மூடினால், அவளுக்கு இப்போது சம்பளம் இருக்கிறது, வேறு வீட்டுக்குப் போய்த்தான் மூடுவாள்.

கஸ்டர்டைத் தலையணை உறையில் போட்டு முடிந்து, பையில் வைத்து, ட்ராமில் கொண்டுபோனேன். கோயிலில் பழகிய ஒரு அம்மா எதிரில் வந்து இருந்தா. “என்ன, கீரையோ?” என்று கேட்டா. “ஓம்” என்றேன். இதற்கும் ஓம்தான்.

பாம்பு பார்க்கிற மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். முதலில் ஒரு படிவம். உரிமையாளரா? இல்லை. உரிமையாளரின் சம்மதம் உண்டா? உண்டு. உரிமையாளருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? தாய் என்று எழுதினேன். பாம்புக்கா, உரிமையாளருக்கா என்று வரவேற்பில் இருந்தவர் பகிடியாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைத்தியர் கையுறை போட்டுக்கொண்டு, சின்ன டோர்ச்சால் கஸ்டர்டின் கண் ஓரத்தையும் தாடைக்குக் கீழேயும் செதில் செதிலாகப் பார்த்தாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெளிச்சம் என் விரலில் அடிப்பதுபோல் இருந்தது.

“அண்மையில் புதிய பாம்பு ஏதும் வந்ததா?”

“வந்தது.”

“தனியே வைத்திருந்தீர்களா?”

“ஓம்,” என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். அந்த யெஸ் வாயிலிருந்து விழுந்ததும் அவள் கணினியில் அடித்தாள். பூச்சி கொல்லும் மருந்தும், எப்படித் தெளிப்பது என்று எழுதிய துண்டுத்தாளும், விவரம் அச்சடித்த கடதாசியும் தந்தாள். இரத்தம் நிறையப் போயிருக்கிறது, இந்த ஒரு வாரம் கடக்க வேண்டும் என்றாள். முட்டைகள் பொரித்துப் பொரித்து வருமாம், ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமாம். புதிய பாம்பு தனியே வைக்கப்பட்டது, ஆம் என்று அந்தக் கடதாசியில் தெளிவாக இருந்தது. இந்த நாட்டில் எத்தனையோ கடதாசியில் பயத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். இது மட்டும்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

6

அடுத்த வெள்ளிக்கிழமை ஆரபி ஒரு நாள் லீவு எடுத்து வந்துவிட்டாள். வந்தவுடன் கையைக் கழுவி, நீலக் கையுறை போட்டு, எனக்கும் ஒரு சோடி தந்தாள். கஸ்டர்ட் அன்று காலைதான் கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தான். நான் அவனைப் பிடிக்க, அவள் மருந்துத் துணியால் தலைப்பக்கம் தவிர்த்துத் துடைத்தாள். மேசையில் வைத்தியரின் கடதாசி கிடந்தது. அதை அவள் வாசித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

“ஆரபி, அதிலை ஒரு பொய் இருக்கு.”

“தெரியும் அம்மா.”

“நான்தான் புதுசைக் கொண்டுவந்து இதுகளுக்கு நடுவிலை வைச்சனான்.”

“தெரியும்.”

அவள் தட்டுக்கு மேலே கண்ணைக் காட்டினாள். வெள்ளையாக, முட்டை அளவில், அந்தச் சாமான். அது கமெரா. அவளுடைய போனில் படமும் தெரியுமாம், சத்தமும் கேட்குமாம். போகும்போது சொல்லித்தான் போனாளாம். நான் “ஓம், ஓம்” என்றேனாம்.

எனக்கு முகத்தில் இரத்தம் ஏறியது. கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் தெரியாது. இருபத்தாறு வருடம் ஒருவருக்கும் சொல்லாததை ஒரு வெள்ளை முட்டைக்குச் சொல்லியிருக்கிறேன்.

“அப்ப உடனை போன் எடுத்துப் பேசியிருக்கலாமே, பிள்ளை. பெட்டியைத் தூக்கின அண்டைக்கே சொல்லியிருந்தால் இவனுக்கு இது வந்திருக்காதே.”

“போன் எடுக்கத்தான் இருந்தனான்.” துணியை மடித்தாள், திரும்ப விரித்தாள். “நீங்க கதைக்கத் தொடங்கிட்டீங்க. நான் கோல் பண்ணினா நிப்பாட்டிருவீங்க. எனக்கு ஒண்டும் சொன்னதே இல்லை நீங்க. அதால நான்... ஐ ஜஸ்ட் லிசன்ட். எல்லா நாளும். கஸ்டர்டுக்கு இதை நானும்தான் செய்தனான், அம்மா.”

கதவுக்கு வெளியே நின்று கேட்டவள் நான். எனக்கு அது எப்படிப்பட்ட நிற்பு என்று தெரியும். அவளும் அப்படி நின்றிருக்கிறாள், கிளாஸ்கோவில், கையில் தொலைபேசியோடு. நான் கஸ்டர்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக இறுக்கினான். போன வாரம் அந்தப் பலம் இருக்கவில்லை.

“நாலாம் நாள் என்ன நடந்தது?” என்று கேட்டாள். “பருப்பு எரிஞ்சுது, நீங்க ஓடிட்டீங்க. அதுக்குப் பிறகு அவளுக்குச் சொல்லவே இல்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தனான்.”

“நாலாம் நாளோ,” என்றேன். “நாலாம் நாள் அந்த நேர்ஸ் கையுறை போடாமல் வந்தவ. என்ரை கையைப் பிடிச்சு ஒவ்வொரு விரலா விரிச்சுப் பார்த்தவ. முடிஞ்சுது, ஒண்டும் இல்லை எண்டு சைகை காட்டினவ. பார்த்து முடிஞ்ச பிறகும் கையை விடேல்லை.”

“அவட பேர் என்ன?”

“சட்டையிலை எழுதியிருந்தது. அழுதுகொண்டு இருந்ததாலை வாசிக்கேல்லை.”

ஆரபி கஸ்டர்டை என் கையிலிருந்து மெல்லக் கழற்றி, புதுக் கடதாசி விரித்த பெட்டிக்குள் விட்டு மூடினாள். பிறகு தன் கையுறை இரண்டையும் கழற்றிப் பையில் போட்டாள். என் பக்கம் திரும்பி என்னுடையதையும் விரல் விரலாக இழுக்கத் தொடங்கினாள்.

“பூச்சி ஏறும், பிள்ளை,” என்றேன்.

“ஏறட்டும்,” என்றாள்.